பெயர்தலும் பெயர்த்தலும்

தான் உழைத்துத் தேடாத ஒன்றைக் கொண்டு ஒருவர் ஊதியம் பெறுவது முறையாகுமா என்னும் வினா ஒழுக்கவியலிற் புதியதன்று. தந்தை தேடிய சொத்தில் மகன் வாழ்வதைப் பற்றியும், பிறப்பிலேயே வாய்த்த குரல்வளத்தாற் பாடகர் பொருளீட்டுவதைப் பற்றியும் அறிஞர் பலர் விவாதித்துள்ளனர். அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ், 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாடு பற்றிய நூலில், பிறப்பால் வாய்க்கும் ஆற்றல்களைத் தமது தகுதியாற் பெற்றதாக எவரும் உரிமை கோர இயலாது என்று வாதிட்டார். ஆயின் இத்தகைய விவாதங்களில் அதிகம் இடம்பெறாத தொழிலொன்று உண்டு. தாய்மொழி வாயில் வரும் என்பதையே முதற் தகைமையாகக் கொண்டு, அந்நிய நாட்டின் பல்கலைக்கழகத்திலோ பாடசாலையிலோ ஓராண்டு, ஈராண்டு பணிபுரியும் மொழி கற்பித்தல் உதவியாளரின் தொழிலே அது.

இத்தொழில் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பிரித்தானியாவும் பிரான்சும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே இளைஞரை ஒன்றன் பாடசாலைக்கு மற்றொன்று அனுப்பத் தொடங்கிவிட்டன. ஜப்பான் 1987 முதல் பிறநாட்டு இளம் பட்டதாரிகளை உதவி மொழியாசிரியராக அமர்த்தி வருகின்றது. அமெரிக்காவின் புல்பிறைற் திட்டம் பல நாடுகளிலிருந்து இளம் ஆசிரியரை ஒரு கல்வியாண்டுக்கு அழைக்கின்றது; அவர்கள் தம்மொழியைக் கற்பித்துக்கொண்டே, அங்கு மாணவராகவும் சில பாடங்களைப் பயிலவேண்டும். பாதி ஆசிரியர், பாதி மாணவர். விரிவுரையாளர் அறையிலும் முழுமையாகச் சேராதவர், மாணவர் விடுதியிலும் முழுமையாகச் சேராதவர்.

இவ்விடயத்தை நான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. எமது ஊர் நாயாறு. முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை வழியாகக் கொக்கிளாய் நோக்கிச் செல்லும் வீதியில், களப்பு கடலைத் தொடுமிடத்தில் அமைந்த மீன்பிடி ஊர். அங்கிருந்து என் மாமன் மகள் ஒருவர் அண்மையில் ஜேர்மனியின் பல்கலைக்கழகமொன்றுக்குத் தமிழ் கற்பித்தல் உதவியாளராகச் சென்று ஓராண்டு பணிபுரிந்தார். மச்சாள் அங்கிருந்து அனுப்பிய குரற்செய்திகளும், அவற்றைத் தொடர்ந்து எம்மிடையே நடந்த வாதங்களுமே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

அவர் புறப்பட்டபோது ஊரில் எழுந்த முதற் குரல் வாழ்த்தன்று. "எங்கடை பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆளில்லை, இவ வெள்ளைக்காரருக்குப் படிப்பிக்கப் போறா" என்று பாலத்தடியிற் பேசிக்கொண்டார்கள். இக்குற்றச்சாட்டு நம் இலக்கண மரபுக்குப் புதியதன்று. பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கியபின், ஆசிரியராகத் தகாதவருக்கு நான்கு உவமைகள் தருகின்றார். அவற்றுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் வளவில் நின்று, அவர் வார்த்த நீரைக் குடித்து வளர்ந்து, வளைந்து சென்று அயலவர் வளவில் தேங்காயை உதிர்க்கும் தென்னை. 1945இல் கன்னங்கரா காலத்தில் வந்த இலவசக் கல்வி வார்த்த நீரில் வளர்ந்து, காயை ஜேர்மனியில் உதிர்க்கப் போகும் ஒருவருக்கு இதைவிடப் பொருந்தும் உவமை தேடினாலும் கிடைக்காது.

ஆயினும் உவமை முழுவதும் பொருந்தவில்லை. அயலவர் பொறுக்கிய தேங்காய் நமக்கில்லை. அயலவர் கற்ற மொழியோ நம்மிடம் ஓர் எழுத்துக் குறையாமல் அப்படியே இருக்கின்றது. குறைவது மொழியன்று, ஆசிரியரின் பொழுது. ஒரு மனிதர் ஒரே காலத்தில் நாயாற்றிலும் ஜேர்மனியிலும் நிற்கவியலாது. அந்தப் பொழுதின் கணக்கில் ஊரவர் சொன்னது நியாயம் என்றே கருதுகின்றேன். வன்னியின் பின்தங்கிய பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை எவ்வளவு நெடுநாட் குறை என்பதை அங்கு படித்தவர் அறிவர். (ஓராண்டின் பின் மச்சாள் திரும்பி வந்தபோது அதே பாலத்தடியில், "உவ ஏன் திரும்பி வந்தவ?" என்று கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.)

இனி அவரது அன்றாட வாழ்வு. வாரத்துக்குப் பத்து மணிநேரம் வகுப்பு. அதற்கு மேல் உரையாடற் பயிற்சி, பயிற்சிக் கொப்பித் திருத்தம். மாணவர் பன்னிருவர். மாணவர் விடுதியில் ஓர் அறை. நால்வருக்குப் பொதுவான குசினி. மாமி கட்டியனுப்பிய கருவாட்டை அவர் அங்கு முதன்முறை பொரித்தபோது புகையை உணரும் மணி அடித்து, விடுதி முழுவதும் பனியில் இறங்கி நின்றதாம். அதன்பின் கருவாடு பொரிக்கும் நாளை முன்கூட்டியே கதவில் எழுதி ஒட்டும் வழக்கம் ஏற்பட்டது. பனிக்காலத்தில் பிற்பகல் நான்கரைக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் அவர் தனியே இருந்து நன்னூல் படித்தார். பட்டப்படிப்பிற் பரீட்சைக்காகப் படித்த நூலை அங்குதான் தேவைக்காகப் படித்தாராம்.

தேவை எவ்வாறு எழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. மொழியைப் பிறப்பால் அறிந்தவர் தொடக்கத்தில் நன்னூலார் சொன்ன மற்றோர் உவமையாகிய கழற்குடத்தைப் போன்றவர். குடத்துள் ஒவ்வொன்றாக இட்ட கழற்காய்கள் கவிழ்க்கும்போது முன்பின் ஒழுங்கின்றிக் கொட்டுவது போல, அவர் வாயில் எல்லாம் வரும். ஏன் அப்படி வருகின்றது என்று கேட்டால் வராது. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் 'நான்' எங்கே போயிற்று என்று ஒரு மாணவர் கேட்டார். நமக்கு எழாத ஐயம் அது. மச்சாள் ஓரிரவு முழுவதும் யோசித்தார். ஆகவே பிறப்பால் வந்ததற்கே ஊதியம் என்னும் தொடக்க வினாவுக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைக்கின்றது. வந்தது பிறப்பால் எனினும், அதனை எடுத்துக் கொடுக்கத் தனியே உழைக்கவேண்டியிருக்கின்றது. ஆனால் அது பாதி விடைதான். மறு பாதி அத்துணை எளிதன்று.

முதல் வகுப்பில் அவர் தம் ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதினார். அகராதியோடு வந்திருந்த ஒரு மாணவர் அதனைப் பிரித்து 'நாய், ஆறு' என்று கண்டுபிடித்தார். ஆறு என்பது நதியா, எண்ணா, வழியா, சூடு தணிதலா என்று அகராதி நான்கு பொருள் காட்ட, ஆறு நாய்கள் உள்ள ஊர் என்று வகுப்பு முடிவு செய்து மகிழ்ந்தது. ஊரில் எவரும் அப்பெயரை அவ்வாறு பிரித்துப் பார்ப்பதில்லை. மச்சாளும் சிரித்துவிட்டு, 'தொடுவாய்' என்ற சொல்லைக் கற்பித்தாராம். களப்பு கடலைத் தொடும் வாய். பாடநூலில் இல்லாத சொல்; ஆயினும் கொக்குத்தொடுவாய் என்று எமக்கு அயலூரின் பெயரிலேயே நிற்கின்ற சொல்.

பாடநூல் என்றவுடன் எத்தமிழ் என்னும் வினா எழுகின்றது. பிறநாட்டார்க்கென எழுந்த தமிழ்ப் பாடநூல்களிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பேச்சையே அடிப்படையாகக் கொண்டவை. அதிற் குற்றமில்லை, அங்குதான் தொகையாற் பெரும்பாலோர் வாழ்கின்றனர். ஆனால் அந்நூலில் 'பேசினாள்' என்பது உரையாடினாள் என்றே பொருள்படும். எம்மிடத்து அம்மா பேசினா என்றால் பிள்ளை ஏச்சு வாங்கியது என்பதே பொருள். உரையாடுவதற்குக் 'கதைத்தல்' இருக்கின்றது. நூலில் 'நாற்காலி', எம் வீட்டிற் 'கதிரை'. கதிரை போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல்லாதலால் அது தூய தமிழன்று என்று சிலர் முகஞ்சுளிப்பர். அதே ஐரோப்பாவிலிருந்து வந்த சொல்லை ஐரோப்பிய மாணவருக்குச் சொல்ல ஒரு தமிழ் ஆசிரியர் கூச்சப்படுவது வேடிக்கைதான்.

இவ்வேடிக்கை ஒரு கட்டத்திற் கசப்பாயிற்று. பன்னிருவருள் நால்வர் ஜேர்மனியிற் பிறந்த ஈழத்துப் பிள்ளைகள். வீட்டிற் கேட்ட தமிழ் காதிலிருக்க, எழுதவும் படிக்கவும் கற்க வந்தவர்கள். அவர்களுள் ஒரு பெண், தன் அம்மம்மாவோடு இருந்து எழுதிய பயிற்சியில் 'கதிரை', 'வெளிக்கிட்டேன்', 'வடிவாய்ச் சாப்பிட்டேன்' என்று எழுதியபின், அச்சொற்களைத் தானே சிவப்பு மையால் வெட்டிப் பாடநூற் சொற்களை மேலே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். காரணம் கேட்டதற்கு, "அம்மம்மாவுக்குச் சரியான தமிழ் தெரியாது" என்றாள்.

வாழ்நாள் முழுவதும் தமிழையன்றி வேறெதுவும் பேசாத ஒரு மூதாட்டிக்குத் தமிழ் தெரியாது என்று, தமிழ் கற்கத் தொடங்கி மூன்று மாதமான பேர்த்தி தீர்ப்பளிக்கின்றாள். அத்தீர்ப்புக்கு அதிகாரம் அளித்தது எது? பல்கலைக்கழக வகுப்பும், அங்கு நிற்கும் 'தாய்மொழி பேசுநர்' என்ற ஆளுமே. உதவியாளரின் பதவி சிறிது. ஊதியம் அதனினும் சிறிது. ஆயினும் ஒரு குடும்பத்தினுள் பாட்டியைத் தலைகுனிய வைக்கும் வல்லமை அதற்குண்டு. இவ்விடத்தில்தான் தொடக்க வினாவின் மறு பாதி நிற்கின்றது. மொழி குரல்வளம் போன்றதன்று. குரல்வளத்தை இயற்கை தந்தது என்று சொல்லி விட்டுவிடலாம். மொழியை நமக்குத் தந்தவர்கள் முகமும் பெயரும் உள்ளவர்கள்: அம்மம்மா, மாமி, வாடியில் வலை பொத்தும் பெரியப்பா. நாம் ஊதியம் பெறுவது அவர்கள் கூலியின்றிக் கொடுத்த உழைப்புக்கு. அவர்கள் கொடுத்ததையே பிழையென்று வெட்டிவிட்டு அவர்கள் பெயராற் சம்பளம் வாங்குவது, முடத்தெங்காய் இருப்பதினும் தாழ்ந்தது என்பது என் துணிபு. மச்சாள் அப்பயிற்சியிலிருந்த சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றின் கீழும் புள்ளியிட்டு, வெட்டியவை அனைத்தும் நிற்கட்டும் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

நம் சங்கக் கூட்டங்களிலும் மலர்களிலும் இத்தகையோரைத் 'தமிழ்த் தூதுவர்' என்று போற்றும் வழக்கம் உண்டு. அந்தச் சொல்லின்மீது எனக்கு ஐயம் உண்டு. தூதுவரின் கடமை தம்மை அனுப்பியவரை அழகாகக் காட்டுவது. எனவே தூதுவர் எதையேனும் மறைத்தே ஆகவேண்டும். பொங்கலும் கோலமும் பரதமும் காட்டுமாறு மச்சாளையும் கேட்டார்கள், அவரும் காட்டினார். நாயாற்றிலே பரதம் ஆடுபவர் எவரையும் நான் கண்டதில்லை. அதனை அவரும் சொல்லவில்லை. பண்பாட்டு விழாவிற் சொல்லாமல் விட்டது பெரிய குற்றமன்று. ஆனால் வகுப்பறைக்குள்ளும் அந்தத் தூதுவர் வேடம் தொடருமாயின் தொல்லை உண்டு.

இவ்வேலையில் அமர்ந்த தமிழர் வரலாறு நெடியது. தரங்கம்பாடியிலிருந்து 1714இற் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, மலையப்பன் என்னும் தமிழ் இளைஞனும் உடன் சென்றான். தமிழ் கேட்பதற்கு வேறு வாயில்லாத அந்நெடும் பயணத்திலும் இலக்கண வேலை நடந்தது. இலத்தீனில் எழுதப்பட்ட அத்தமிழ் இலக்கணம் 1716இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. நூலாசிரியர் சீகன்பால்கு. மலையப்பன் வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றான். சென்னையில் 1812இல் எல்லிஸ் முதலியோர் நிறுவிய கோட்டைக் கல்லூரியில் முன்ஷிகள் கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தனர். கற்ற தமிழைக் கொண்டு அவ்வதிகாரிகள் வரி தண்டினர். யாழ்ப்பாணத்திலோ ஆறுமுக நாவலர் தம் இளமையிற் பேர்சிவல் பாதிரியாருக்குப் பண்டிதராயிருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவினார். சைவராகிய அவர் அப்பணியைச் செவ்வனே செய்தார்; பின்னர் அதனைவிட்டு நீங்கி 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அப்போது வயது இருபத்தைந்து. உதவியாளராயிருந்தமை அவரை அழித்துவிடவில்லை. எதற்கு உதவுகின்றோம், எதற்கு உதவோம் என்பதை வகுத்துக்கொள்ள அது அவருக்கு இடமளித்திருத்தல் கூடும்.

மச்சாளுக்கு அத்தகைய இடம் இறந்தகாலப் பாடத்தில் வந்தது. இறந்தகாலத்தைப் பழக்குவதற்கு ஒவ்வொருவரும் மற்றவரிடம் 'பத்து வயதில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்கவேண்டும். ஒரு மாணவர் ஆசிரியரிடமே கேட்டார். மச்சாள் 1999இற் பிறந்தவர். பத்து வயதென்றால் 2009. "செட்டிகுளத்தில் இருந்தேன்" என்றார். மாணவர் 'இருந்தேன்' என்பதைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் சென்றார்.

அவ்வாண்டில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி வவுனியா மாவட்டத்து முகாம்களில் வைக்கப்பட்ட மக்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெருந்தொகையினர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. மச்சாளின் வாக்கியத்திற் பொய் ஓரெழுத்தும் இல்லை. எனினும் அன்றிரவு அனுப்பிய குரற்செய்தியில், "நான் பிழையா ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அது மெய்யாயும் இருக்கேல்லை" என்றார்.

இவ்விடத்தில் இம்மானுவேல் காண்ட் துணைக்கு வருவார் என்று நான் சொன்னேன். 1766இல் மோசஸ் மென்டெல்சோனுக்கு எழுதிய கடிதத்தில், தாம் உறுதியாக நம்பும் பலவற்றைச் சொல்லத் தமக்குத் துணிவு வராமற் போகலாம், ஆனால் நம்பாத எதனையும் தாம் சொல்லப் போவதில்லை என்னும் கருத்துப்பட அவர் எழுதினார். மௌனத்துக்கும் பொய்க்கும் இடையே அவர் கிழித்த கோடு அது. அக்கோட்டின்படி மச்சாள் குற்றமற்றவர். மொழி வகுப்பு நீதிமன்றமன்று. பன்னிரு மாணவர் இறந்தகால விகுதியைப் பழக வந்தார்களேயன்றித் துயரம் கேட்க வரவில்லை. துயரத்தைக் கேட்போர் மேற் கொட்டுவதும் ஒருவகை வன்முறையே. இவ்வளவும் சரி. ஆனால் அவரை உறுத்தியது மௌனமன்று, அந்த வினைச்சொல். வீட்டில் வாழ்ந்ததற்கும் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டிருந்ததற்கும் 'இருந்தேன்' என்ற ஒரே சொல் போதுமாயிருந்ததே என்பதுதான்.

இரு வாரங்களின் பின் தன்வினை, பிறவினைப் பாடம் வந்தது. ஆங்கிலத்திற் கண்ணாடி தானே உடைந்ததற்கும் ஒருவன் அதனை உடைத்ததற்கும் ஒரே வினை போதும். தமிழ் அவ்வாறு விடாது. உடைந்தது, உடைத்தான், எரிந்தது, எரித்தான், அழிந்தது, அழித்தான். ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்போது, செய்தவன் ஒருவன் வாக்கியத்துள் வந்து நிற்கின்றான். 2018 ஆகஸ்டில் நாயாற்றிலே தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்தன என்றும் சொல்லலாம், எரிக்கப்பட்டன என்றும் சொல்லலாம். விறகு தானாக எரிந்ததென்று பேச்சுக்குச் சொல்வதுண்டு. வாடி அப்படி எரிவதில்லை. பலகையில் இவ்விணைகளை மச்சாள் எழுதிக்கொண்டு போகையில், முன்னர் அம்மம்மாவின் சொற்களை வெட்டிய அதே பெண் எழுந்து, "அம்மா எப்பவும் இடம்பெயர்ந்து வந்தனாங்கள் எண்டு சொல்லுவா. அது முதலாவது வகைதானே?" என்று கேட்டாள்.

முதலாவது வகைதான். பெயர்ந்தோம்: தன்வினை. பெயர்த்தனர்: பிறவினை. நாற்பதாண்டுகளாக நாம் நாவிலும் பத்திரிகையிலும் வழங்கிவரும் 'இடம்பெயர்ந்தோர்' என்னும் சொல்லில், நாமாகவே எழுந்து நடந்தோம் என்ற இலக்கணம் இருக்கின்றது. இன்னொன்றையும் நோக்குக. திரும்பி வந்ததை 'மீள்குடியேறுதல்' என்று சொல்வதிலும் 'மீள்குடியேற்றம்' என்று சொல்வதே பெருவழக்கு. குடியேறுதல் தன்வினை, குடியேற்றுதல் பிறவினை. அதற்கென அமைச்சும் இருந்தது. போனபோது நாமாகப் போனோம். வந்தபோது அரசு கொண்டுவந்து வைத்தது. இருமுறையும் இலக்கணம் ஒரே பக்கத்துக்கே சாதகமாக நின்றிருக்கின்றது. இதை யாரோ திட்டமிட்டுச் செய்தனர் என்று நான் சொல்லவில்லை. அச்சத்தில் வாழும் மக்கள் எழுவாய் வேண்டாத வினையைத் தேடிக்கொள்வது இயல்பு.

மச்சாள் பலகையில், '______ எங்களைப் பெயர்த்தனர்' என்று எழுவாயை வெறுமையாக விட்டு எழுதி, நிரப்புமாறு ஈழத்துப் பிள்ளைகள் நால்வரிடமும் சொன்னார். ஒருவர் 'இராணுவம்' என்றார். ஒருவர் 'இயக்கமும் இராணுவமும்' என்றார். அப்பெண் 'போர்' என்றாள். நான்காமவர் நிரப்பவில்லை.

'போர்' என்று நிரப்பினால் 'பெயர்த்தனர்' என்ற பயனிலை பொருந்தாது. 'பெயர்த்தது' என்று மாற்றவேண்டும். போர் அஃறிணை. 'இராணுவம்' என்றாலும் அப்படியே. 'படையினர்' என்றாலே உயர்திணைப் பயனிலை நிற்கும். தமிழிலக்கணம் மக்களை உயர்திணை என்று பிரித்தமைக்கு உரையாசிரியர் பல காரணங்கள் கூறுவர். எனக்கு இங்கே தோன்றும் காரணம் ஒன்று: உயர்திணையிடமே கணக்குக் கேட்கலாம். போர் பெயர்த்தது, சூழ்நிலை பெயர்த்தது, காலம் பெயர்த்தது என்று சொல்லும்போது பிறவினை வந்துவிடுகின்றது. ஆனால் பொறுப்பு வரவில்லை. 2004இல் ஆழிப்பேரலை எங்கள் கரையைப் பெயர்த்தது. அலையிடம் கேட்க ஒன்றுமில்லை. அதே இலக்கணத்தை 1984க்குப் பயன்படுத்துவது தகுமா?

1984 டிசெம்பரிற் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய கரையோர ஊர்களின் தமிழ்க் குடும்பங்களைப் படையினர் வெளியேற்றினர். எம் பாட்டன்மார் அவ்வாறு பெயர்க்கப்பட்டவர்கள். 2009க்குப் பின்னரே எமது குடும்பங்கள் திரும்ப முடிந்தது. இதுவரை எழுதுவது எமக்கு எளிது. ஆனால் அதே டிசெம்பரின் தொடக்கத்தில், அதே நாயாற்றிலும் கொக்கிளாயிலும் மீன்பிடிக் குடியிருப்புகளில் இருந்த சிங்களக் குடிமக்களைப் புலிகள் தாக்கிக் கொன்றனர். சோளகக் காலத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கையில் எங்கள் கரையின் அமைதியை நாடி வரும் மீனவர் மரபு அவர்களுடையது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை, முல்லைத்தீவு முஸ்லிம்கள் உட்பட, புலிகள் வெளியேற்றினர். அவர்களைப் பற்றிப் பேசும்போது நம்மிற் பலர் என்ன வினையைப் பயன்படுத்துகின்றோம்? 'முஸ்லிம்கள் இடம்பெயர்ந்து புத்தளம் போனார்கள்.' மீண்டும் தன்வினை. எமக்கு எதிராக நின்ற அதே இலக்கணம் இங்கு எமக்காக உழைக்கின்றது. செயப்படுபொருளை மாற்றியவுடன் எழுவாயும் மாறுகின்றது. 'எங்களை' என்றிருந்த இடத்தில் 'அவர்களை' என்று எழுதினால் வெறுமையில் எழுதவேண்டிய பெயர் எங்களில் ஒரு பகுதியினருடையதாகலாம். இரண்டாம் மாணவர் 'இயக்கமும் இராணுவமும்' என்று எழுதியபோது ஏனைய மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள் என்று மச்சாள் சொன்னார்.

மச்சாள் வெறுமையை வெறுமையாகவே விட்டு வகுப்பை முடித்தார். இதிலேதான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. அவர் கூற்று இது: தாம் அங்கு ஆசிரியர், சாட்சியல்லர், பிறவினைக்கு எழுவாய் வேண்டும் என்று கற்பித்தலே தம் கடமை, எழுவாயைத் தாமே எழுதிவிட்டால் ஜேர்மன் மாணவர் எண்மரும் அதனை இலங்கையின் முழு வரலாறாகக் குறித்துக்கொண்டு போவர், ஈழத்துப் பிள்ளைகள் நால்வரும் தம் வீட்டிற் கேட்டதைக் கைவிடுவர் அல்லது கேட்டதை மட்டுமே பிடித்துக்கொள்வர். வெறுமையோடு அனுப்பினால் வீட்டிற் சென்று அம்மம்மாவிடம் கேட்பார்கள். அந்த அம்மம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்பது அப்போதேனும் விளங்கும் என்றார்.

இவ்வாதம் வலியது. நான் மறுப்பது ஒரு புள்ளியில். ஆசிரியர் வேறு, சாட்சி வேறு என்னும் பிரிவு பயிற்சி பெற்ற இலக்கண ஆசிரியருக்குப் பொருந்தும். மொழி கற்பித்தல் உதவியாளரை அழைத்தது இலக்கணத்துக்காக அன்று. இலக்கணம் சொல்ல அங்கே பேராசிரியர் இருந்தார். அம்மொழியினுள் வாழ்ந்தவர் என்பதற்காகவே, நாயாற்றின் சொல் வாயில் உள்ளவர் என்பதற்காகவே அவரை அழைத்தனர். வாழ்ந்தவராக அழைக்கப்பட்டவர் வாழ்ந்ததைக் கேட்கும் வினா வரும்போது ஆசிரியர் மேசைக்குப் பின்னாற் போய் நிற்பது எனக்கு உடன்பாடன்று. அவர் எழுவாயை நிரப்பியிருக்கவேண்டும். ஒரு வாக்கியத்தோடு நில்லாமல், செயப்படுபொருள்கள் மூன்றையும் இட்டு, மூன்று வாக்கியங்களாக, மூன்று ஆண்டுக் குறிப்போடு எழுதியிருக்கவேண்டும். மூன்றையும் எழுதத் துணியாதவர் ஒன்றையும் எழுதாமல் விடுவதே நேர்மை என்று அவர் விடையிறுத்தார். மூன்றையும் ஊரிலே நின்று எழுதிவிட்டு வா, பின்னர் ஜேர்மனியில் எழுதாததைக் கேள் என்றும் சொன்னார்.

அப்பெண் வீட்டுக்குப் போய்க் கேட்டாளா என்பதை மச்சாள் பின்னர் விசாரித்தார். கேட்டாளாம். அம்மம்மா பெயர்த்தவர் யாரென்று சொல்லவில்லை. எவ்வெவ்வூரில் எத்தனை நாள் இருந்தோம் என்று பன்னிரண்டு ஊர்ப் பெயர்களை ஒழுங்காகச் சொன்னாராம். பேர்த்தி அவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள். அவற்றுள் இரண்டு பெயர்களின் எழுத்துக்கூட்டலை மச்சாள் திருத்திக் கொடுத்தார். மற்றொரு பெயர் எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு அனுப்பி, நான் எங்கள் மாமாவிடம் கேட்டு, அது முத்தையன்கட்டுப் பக்கத்துச் சிறு குடியிருப்பு ஒன்று என்று அறிந்து சொன்னேன்.